மால்ட்டாவின் சிவப்புக் காளான்: காளானும் அல்ல, ஒற்றைப் பூவும் அல்ல

மத்தியதரைக் கடலில் மால்ட்டாவை ஒட்டி கோசோ என்றொரு சின்னத் தீவு இருக்கிறது. அதன் மேற்குக் கரையில், துவெய்ரா என்ற இடத்தில், கடலுக்குள் சற்றுத் தள்ளி ஒரு சுண்ணாம்புப் பாறை தனியாக நிற்கிறது. உயரம் சுமார் 60 மீட்டர், நாலாபக்கமும் செங்குத்து. உள்ளூர்க்காரர்கள் அதை 'ஜெனரலின் பாறை' என்கிறார்கள். வெளியுலகில் அதன் பெயர் 'காளான் பாறை'. அந்தப் பெயருக்குக் காரணமான செடிதான் இந்தக் கட்டுரையின் விஷயம். பாறையின் உச்சியில் விளையும் அந்தச் சிவப்புத் தண்டு காளானே அல்ல. இதை உறுதியாகச் சொல்லத் தாவரவியலுக்கு நெடுநாள் பிடித்தது. காளான் இல்லை என்றால் வேறு என்ன என்று சொல்ல அதைவிடவும் நெடுநாள், ஏறக்குறைய நம் காலம் வரை, ஆகிவிட்டது.

செடியின் பெயர் சைனோமோரியம் காக்சினியம். மழைக்காலம் முடிந்து வசந்தம் வரும்போது உப்புக்காற்று அடிக்கும் தரையைப் பிளந்துகொண்டு கருஞ்சிவப்பில் ஒரு தடித்த தண்டு எழும். 15 முதல் 30 சென்டிமீட்டர் நீளம். இலை கிடையாது, கிளை கிடையாது, பச்சை நிறம் ஒரு பொட்டுகூடக் கிடையாது. அடித்தண்டில் ஒட்டியிருக்கும் சிறு செதில்கள்தான் இலைக்கு மிச்சம். சில வாரங்களில் முழுவதும் கறுத்து, காய்ந்து, இல்லாமல் போய்விடும். இதைப் பார்க்கிறவர் காளான் என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி பார்த்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நம் ஊரில் புகையிலைச் செடியின் காலடியில் முளைத்து அதை உறிஞ்சும் ஓரோபாங்கி பூச்செடிதான், ஆனால் அதற்கும் பெயர் புகையிலைக் காளான்!

ஒட்டுண்ணிப் பூச்செடிகளை அடையாளம் காண்பதில் அடிப்படைச் சிக்கல் இதுதான். ஒரு செடி என்ன என்று தெரிய நாம் வழக்கமாகப் பார்ப்பது இலையை: அதன் வடிவம், விளிம்பு, நரம்பு, தண்டில் அடுக்கியிருக்கும் விதம். முழு ஒட்டுண்ணியிடம் இவை எதுவும் இல்லை. உணவை இன்னொரு செடியின் வேரிலிருந்து எடுத்துக்கொள்ளும்போது இலை எதற்கு? பச்சையம் எதற்கு? தலைமுறை தலைமுறையாகத் தேவையற்றது கழிந்துபோய், கடைசியில் மண்ணுக்குள் ஒரு கிழங்கும், இனப்பெருக்கத்துக்காக வெளியே நீட்டும் ஒரு பூந்தண்டும் மட்டும் மிஞ்சுகிறது. பூக்கும் தாவரங்களில் சுமார் 1 சதவீதம், அதாவது 4,500 இனங்களுக்குக் கொஞ்சம் முன்பின்னாக, ஏதோ ஒரு வகையில் ஒட்டுண்ணிகள். இவை எல்லாம் ஒரே வம்சம் அல்ல. ஒட்டி வாழும் பழக்கம் தாவர வரலாற்றில் குறைந்தது பத்துப் பன்னிரண்டு முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. எங்கெங்கோ கிளம்பிய வம்சங்கள், ஒரே மாதிரி வாழ்ந்ததால் ஒரே மாதிரி உருவத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால் ஒட்டுண்ணி விஷயத்தில் உருவ ஒற்றுமையைப்போல் ஏமாற்றும் சாட்சி வேறில்லை என்பது என் கருத்து. மால்ட்டாவின் கதை அதற்கு நல்ல சான்று.

மருந்து என்று நம்பிய காலம்

1530 முதல் 1798 வரை மால்ட்டாவை ஆண்டவர்கள் புனித யோவான் சபையின் போர்வீரத் துறவிகள். உலகம் 'மால்ட்டாவின் நைட்டுகள்' என்று அழைத்தவர்கள். அவர்கள் இந்தச் செடியை மதிப்புமிக்க மருந்தாக வைத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ஒரு கொள்கை செல்வாக்காக இருந்தது: எந்த நோய்க்கு எது மருந்து என்பதைக் கடவுள் செடியின் உருவத்திலேயே எழுதி வைத்திருக்கிறார் என்பது. செடி இரத்த நிறத்தில் இருக்கிறதா, அப்படியானால் இரத்தப்போக்குக்கும் இரத்தபேதிக்கும் அதுவே மருந்து. அதன் உருவம் ஆண்குறியை ஒத்திருக்கிறதா, அதற்குரிய குறைபாடுகளுக்கும் அதுவே மருந்து. செடியில் துவர்ப்புச் சத்து இருப்பது உண்மை. துவர்ப்பு வயிற்றுப்போக்குக்குக் கொஞ்சம் ஆறுதல் தந்திருக்கலாம். மற்றதெல்லாம் நிறத்தைப் பார்த்து வந்த நம்பிக்கைதான்.

ஆனால் அந்த நம்பிக்கை செய்துவைத்த ஏற்பாடுகள் சாதாரணமானவை அல்ல. எதிர்க்கரையில் 1652இல் கட்டிய துவெய்ராக் காவல் கோபுரத்திலிருந்து பாறை கண்காணிக்கப்பட்டது. யாரும் ஏறிவிடக் கூடாது என்று பாறையின் பக்கங்களில் கைப்பிடிக்கு உதவும் புடைப்புகளைச் செதுக்கி வழவழப்பாக்கினார்கள். உள்ளே போக ஒரே வழி, கரையிலிருந்து சுமார் 50 மீட்டர் தூரத்துக்குக் கடலின் மேலே கயிறு கட்டி, கப்பியில் ஓடவிட்ட ஒரு கூடை. 1746இல் சபைத் தலைவர் பின்டோ, பாறைக்குப் போவதையே தடை செய்தார். மீறினால் மூன்று ஆண்டு துடுப்புக் கப்பலில் துடுப்பு வலிக்க வேண்டும். விளைந்ததை எடுத்துக் காயவைத்து ஐரோப்பிய அரசர்களுக்கும் பெரிய மனிதர்களுக்கும் அன்பளிப்பாக அனுப்பினார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாறைக்கு மட்டுமே உரிய செடி இல்லை இது. மால்ட்டாவின் வேறு சில பாறை ஓரங்களிலும், பக்கத்து லாம்பெதூசாத் தீவிலும், சிசிலி, சார்டினியா, தென் ஸ்பெயின், துனிசியா, மொராக்கோவிலும் இருக்கிறது. அரேபியப் பாலையில் மழைக்குப் பின் முளைப்பதை 'தர்தூத்' என்று பிடுங்கித் தோலுரித்துத் தின்பது பெதுவின் மக்களுக்குப் பழைய வழக்கம். ஒரு பக்கம் மூன்று ஆண்டு தண்டனை, இன்னொரு பக்கம் வழிப்போக்கர் தின்பண்டம்!

லென்ஸை எடுத்துப் பார்த்தால்

17ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சிசிலிக்காரரான பாவ்லோ போக்கோனே இதை நூலில் பதிவு செய்தபோது 'மால்ட்டாவின் சிவந்த, சம்பைப் புல் போன்ற காளான்' என்ற பொருளில் ஒரு லத்தீன் பெயரை வைத்தார். கவனித்துப் பார்த்தவர்தான், ஆனாலும் காளான் என்றே எழுதினார். பின்னர் ஃபுளோரன்ஸ் நகரத்து மிக்கேலி 1729இல் சைனோமோரியம் என்ற பெயரில் இதைத் தனிப் பேரினமாக்கினார் (நெருங்கிய இனங்களின் தொகுதி பேரினம்). காளான்களின் வித்துகளைப் பற்றி முறையாக ஆராய்ந்த முதல் ஆட்களில் அவர் ஒருவர். எது காளான், எது காளான் இல்லை என்று சொல்லத் தகுதியானவர் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். உயிரினங்களுக்கு இன்றுள்ள பெயரிடும் முறையை நிலைநாட்டிய ஸ்வீடன்காரர் லின்னேயஸ் 1753இல் இதைப் பூச்செடியாக வகைப்படுத்திவிட்டார். அப்படியிருந்தும் 1755இல் அவருடைய மேற்பார்வையில் வந்த ஆய்வேட்டுக்குத் தலைப்பு 'ஃபங்கஸ் மெலிடென்சிஸ்', அதாவது மால்ட்டாக் காளான். பழகிய பெயர் லேசில் விடாது.

அவர்கள் பார்த்தது என்ன? தூரத்திலிருந்து சிவப்புத் தடி போலத் தெரிவது ஒரு பூ அல்ல, நூற்றுக்கணக்கான பூக்களின் நெருக்கம். கம்பங்கதிரில் மணிகள் தண்டே தெரியாமல் அடைந்திருப்பதுபோல, தண்டின் மேல்பகுதி முழுக்கச் சிவந்த குறும்பூக்கள் மொய்த்திருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் போதும். ஒன்றை ஊசிமுனையால் பிரித்துப் பார்த்தால் ஆண் பூவா, பெண் பூவா, இரண்டும் சேர்ந்ததா என்று தெரியும். மூன்று வகையும் ஒரே கதிரில் கலந்திருக்கும். ஆண் பூவில் மகரந்தத்தாள் ஒன்றே ஒன்று. இதுதான் முக்கியமான அடையாளம். பூச்செடிகளில் ஒற்றை மகரந்தத்தாள் அவ்வளவு சாதாரணம் இல்லை. மகரந்தத்தாள்களை எண்ணித் தாவரங்களைப் பிரித்த லின்னேயஸுக்கு இது மிக வசதியாக அமைந்தது. கதிரிலிருந்து லேசாக இனிப்பும் முட்டைக்கோசும் கலந்த மாதிரி ஒரு வாடை வரும். அதற்கு ஈக்கள் வரும், மகரந்தச் சேர்க்கை நடக்கும், அப்புறம்தான் கதிர் கறுக்கும். ஒவ்வொரு பெண் பூவும் வெடிக்காத ஒரு சிறு கொட்டையாகும். மகரந்தம், விதை, ஈ எல்லாம் இருக்கும் ஒன்றைக் காளான் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அடுத்து மண்ணுக்குக் கீழே. தண்டு கிழங்கு போன்ற ஒரு நிலத்தடித் தண்டில் போய் முடியும். அதிலிருந்து கிளம்பும் உறிஞ்சு வேர்கள் பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்து உள்ளே இறங்கியிருக்கும். மத்தியதரைக் கரையோரத்தில் இது பிடிப்பது பெரும்பாலும் உப்பைத் தாங்கும் செடிகளை. ஆட்ரிப்ளெக்ஸ் வகைகள் இதில் சேர்த்தி. நம் வேதாரண்யம் உப்பளப் பக்கம் காணப்படும் உமரியும் அதே குடும்பம்தான். உப்புக்காற்று வாங்கும் வெட்டவெளிப் பாறையில் உமரிக் குடும்பத்துச் செடிக்குக் கீழே சிவப்புக் கதிர் ஒன்று நின்றால், பூவைப் பிரிக்காமலேயே பாதி அடையாளம் முடிந்தது. ஆனால் ஒட்டுண்ணியைத் தோண்டிப் பார்க்கக் கூடாது. வேரோடு அதன் இணைப்பு அறுந்தால் செடி செத்துப்போகும். காளான் பாறையில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. 1992 முதல் அது இயற்கைக் காப்பகம். அங்கே மட்டுமே உள்ள ஒரு பல்லி உட்பிரிவும் அந்தப் பாறையில் குடியிருக்கிறது.

அதே தீவின் மற்ற ஒட்டுண்ணிகள்

மால்ட்டாவில் வசந்தகாலத்தில் நடந்தால், பச்சையே இல்லாத தண்டுகள் வேறு இடங்களிலும் கண்ணில் படும். வயல் ஓரங்களில் முழங்கால் உயரத்துக்கு நிற்பது ஓரோபாங்கி கிரெனேட்டா. மால்ட்டா மொழியில் 'புதெப்பஸ்'. ஃபாவா மொச்சை பயிரிடும் விவசாயிக்கு அது பெரும் தொல்லை. இதைச் சைனோமோரியத்தோடு குழப்பவே வேண்டாம். பூக்கள் தனித்தனியாகத் தெரியும். ஒவ்வொன்றும் குழல்போல் நீண்டு, முனையில் மேலுதடு, கீழுதடு என்று பிரிந்திருக்கும். வெள்ளை நிறம், ஊதா நரம்பு, நல்ல மணம். தூசுபோல் நுண்ணிய விதைகளை ஒரு செடியே பல்லாயிரக்கணக்கில் கொட்டும்.

உண்மையான தலைவலி ஓரோபாங்கிகளுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரிப்பதில்தான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் பழுப்பும் ஊதாவுமாக இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது பூவின் அடியை. அங்கே ஒரே ஒரு செதில் இருந்தால் ஓரோபாங்கி. ஒரு செதிலோடு பக்கத்துக்கொன்றாக இன்னும் இரண்டு சின்னச் செதில்கள் இருந்தால் ஃபெலிபாங்கி. முன்பு இதையும் ஓரோபாங்கியிலேயே சேர்த்திருந்தார்கள். அடுத்தது பூவைத் திறந்து மகரந்தத்தாள் குழலின் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது, அதன் அடியில் மயிர் உண்டா என்று பார்ப்பது. மூன்றாவது, பூவின் பெண் உறுப்பின் நுனியான சூல்முடியின் நிறம்: மஞ்சளா, ஊதாவா, வெள்ளையா. இதை உயிரோடு இருக்கும்போதே குறித்துக்கொள்ள வேண்டும். காய்ந்தால் எல்லாம் ஒரே பழுப்பாகிவிடும். உலர்மாதிரிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஓரோபாங்கிக்குப் பெயர் சொல்வது நிபுணர்களுக்கும் சள்ளை பிடித்த வேலையானது இதனால்தான்.

ஓம்புயிர்ச் செடி, அதாவது ஒட்டுண்ணி உறிஞ்சும் செடி, எது என்பது பெரிய துப்பு. ஓரோபாங்கி விதை கண்ட இடத்தில் முளைக்காது. வேர்கள் மண்ணில் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற வேதிப்பொருளை உணர்ந்தால்தான் கண் திறக்கும். வேர் அதைக் கசியவிடுவது தனக்கு உதவும் மண்பூஞ்சைகளை அழைக்க. அந்த அழைப்பை ஒட்டுண்ணி ஒட்டுக்கேட்கிறது. நம் சோளக்காட்டுச் சுடுமல்லி செய்வதும் இதையேதான். ஆகவே எந்தச் செடியின் வேரில் முளைத்திருக்கிறது என்று தெரிந்தால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். ஆனால் பக்கத்தில் நிற்பதுதான் ஓம்புயிர் என்று எழுதிவிடுவது வழக்கமான தவறு. வேர் எட்டிப் போகும். உண்மையான ஓம்புயிர் ஓரடி, ஈரடி தள்ளி நிற்கலாம்.

மால்ட்டாவில் இதற்கு ஒரு வினோத உதாரணம் உண்டு. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த மஞ்சள் பூப் புளியாரை ஒன்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மால்ட்டாவுக்கு வந்து, தோட்டத்தைத் தாண்டி, இன்று மத்தியதரைக் கடலோரமெங்கும் களையாகப் பரவியிருக்கிறது. மால்ட்டாக்காரர்கள் அதை 'ஆங்கிலேயப் பூண்டு' என்பார்கள். அதன் வேரில் அந்த மண்ணுக்கே உரிய சின்ன ஊதா ஃபெலிபாங்கி சுகமாக ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. வந்தேறியைச் சொந்த ஊர்க்காரர் சுரண்டும் அபூர்வம்! பழைய கையேட்டில் எழுதியிருக்கும் ஓம்புயிரை மட்டும் நம்பிப் போனால் இங்கே வழி தவறும்.

கிரீட், சைப்ரஸ் போன்ற தீவுகளில் இன்னொரு வகை உண்டு: சைட்டினஸ். சிஸ்டஸ் என்ற புதர்ச்செடியின் காலடியில், தரையோடு தரையாக, மொட்டுக்கொத்துபோல் பளிச்சென்று எட்டிப் பார்க்கும். வெள்ளைப் பூ சிஸ்டஸின் கீழே மஞ்சள் பூக்களோடு இருந்தால் சைட்டினஸ் ஹிப்போசிஸ்டிஸ். இளஞ்சிவப்புப் பூ சிஸ்டஸின் கீழே, கருஞ்சிவப்புச் செதில்களுக்கு நடுவே வெளிறிய பூக்களோடு இருந்தால் சைட்டினஸ் ரூபர். இவ்வளவு எளிதாக மேலே பார்த்துக் கீழே பெயர் சொல்ல முடிவது ஒட்டுண்ணி உலகில் அரிது.

யாருடைய உறவு?

சரி, சைனோமோரியம் பூச்செடிதான் என்று தெரிந்துவிட்டது. எந்தக் குடும்பம்? இங்கேதான் உருவம் இரண்டாவது முறையாக ஏமாற்றியது. நெடுங்காலம் இதைப் பாலனோஃபோராக் குடும்பத்தோடு சேர்த்து வைத்திருந்தார்கள். பாலனோஃபோராவைப் பார்க்க மால்ட்டா போக வேண்டாம். நம் மேற்குத்தொடர்ச்சி மலைச் சோலைகளில் மர வேர்களைப் பிடித்து முளைக்கிறது. அதுவும் இலையில்லாதது, சதைப்பற்றான தண்டும் நுண்பூக்கள் மொய்த்த தலையும் கொண்டது. அந்த இனத்தின் அறிவியல் பெயரே 'ஃபங்கோசா', காளான் போன்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி என்றுதான் யாரும் சொல்வார்கள்.

மரபணுவைப் படிக்க முடிந்தபிறகு கதை மாறியது. பாலனோஃபோரா நம் சந்தன மரம் இருக்கும் சாண்டலேல்ஸ் வரிசையில் போய் உட்கார்ந்தது (வரிசை என்பது பல குடும்பங்களைச் சேர்த்த பெரிய பிரிவு). சந்தனமும் மற்ற மரங்களின் வேரை உறிஞ்சும் அரை ஒட்டுண்ணி என்பதால் அதில் ஆச்சரியமில்லை. சைனோமோரியமோ அந்தப் பக்கமே போகவில்லை. 2005இல் வெளியான ஓர் ஆய்வு அதைச் சாக்சிஃப்ரகேல்ஸ் வரிசையில் வைத்தது. நம் வீட்டுத் தொட்டியில் வளரும் ரணகள்ளி, இலையைக் கட்டித் தொங்கவிட்டால் விளிம்பில் குட்டி போடுமே, அது இருக்கும் வரிசை! இடையில் வேறு ஆய்வுகள் அதை ரோஜா வரிசைக்கு இழுத்தன. பல மரபணுக்களை ஒன்றாக வைத்து ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டின் ஆய்வுக்குப் பிறகு சாக்சிஃப்ரகேல்ஸ் என்பது நிலைத்தது. தனிக் குடும்பம், அதில் இந்த ஒரே பேரினம்.

மரபணுக்கூட ஏன் தடுமாற வைத்தது? இரண்டு காரணங்கள். ஒன்று, ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டதால், செல்லுக்குள் அந்த வேலையைச் செய்யும் உறுப்பான பசுங்கணிகத்தின் மரபணுத் தொகுதி தேய்ந்துபோய், வழக்கமான பச்சைச் செடியில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிட்டது. ஒப்பிட எடுத்துக்கொள்ளும் வழக்கமான மரபணுக்கள் பலவும் இல்லை. இன்னொன்று அதைவிடச் சுவாரசியமானது. ஓம்புயிரின் வேருக்குள்ளேயே வாழும் செடி, அதிலிருந்து சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் எடுப்பதில்லை. சில சமயம் மரபணுத் துண்டுகளும் கூடவே வந்துவிடுகின்றன. சைனோமோரியத்தின் மைட்டோகாண்ட்ரியாவில் (செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பு, அதற்கும் சொந்த மரபணுக்கள் உண்டு) அப்படி ஓம்புயிரிகளிடமிருந்து வந்து சேர்ந்த மரபணுக்கள் இருக்கின்றன. அந்தத் துண்டைத் தனியே எடுத்துப் படித்தால் அது ஓம்புயிரின் வம்சத்தைத்தான் சொல்லும், ஒட்டுண்ணியின் வம்சத்தை அல்ல. ஒரே ஒரு மரபணுவை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதை ஒட்டுண்ணி ஆய்வாளர்கள் இப்படித்தான் கற்றுக்கொண்டார்கள்.

வயலில் நிற்கிறவருக்கு மரபணுக் கருவி கிடைக்காது, கைபேசிதான் இருக்கும். அழகான பக்கவாட்டுப் படம் ஒன்றை மட்டும் எடுத்து வந்தால் ஒட்டுண்ணிக்குப் பெயர் சொல்வது கஷ்டம். பூவின் அடிச்செதில்கள் தெரியும்படி ஒன்று, பூவின் வாய்க்குள் பார்த்து ஒன்று, தண்டு மண்ணைச் சந்திக்கும் இடம் ஒன்று, அப்புறம் நாலடி சுற்றளவில் நிற்கும் எல்லாச் செடிகளும் தெரிய அகலமாக ஒன்று எடுப்பது நல்லது. என்னைக் கேட்டால் கடைசிப் படம்தான் முதலில் எடுக்க வேண்டியது, யாரும் எடுப்பதில்லை. மணத்தைப் படம் பிடிக்க முடியாது, குறித்துக்கொள்ளலாம்.

இனத்தின் எல்லை விஷயத்தில் மட்டும் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. மத்திய ஆசியாவிலும் சீனாவிலும் வளரும் சைனோமோரியத்தைச் சிலர் மால்ட்டாச் செடியின் ஒரு வகை என்கிறார்கள், சிலர் சைனோமோரியம் சோங்காரிகம் என்று தனி இனமாக வைக்கிறார்கள். அங்கே அது பிடிப்பது நைட்ரேரியா என்ற பாலைப் புதரின் வேரை. சீன மருத்துவத்தில் அதற்கு 'சுவோயாங்' என்று பெயர். காய்ந்த துண்டுகளாக வெட்டிச் சத்து மருந்தாக இன்றும் விற்கிறார்கள். பூவும் இல்லாமல், ஓம்புயிரும் இல்லாமல், பழுப்புச் சில்லாகப் பொட்டலத்தில் வருவதைக் கைலென்ஸால் அடையாளம் காண முடியாது. அது சுவோயாங்தானா, வேறெதுவுமா என்று உறுதி செய்ய ஆய்வகத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.